அடி தட்டும் காரும் அபார்ட்மென்ட் ராம்ப்பும்: ஒரு இன்சூரன்ஸ் சர்வேயரின் பதில்

இந்த முறை பதில் சொல்லும் கடிதம் பெங்களூரு சர்ஜாப்பூர் சாலைப் பக்கத்திலிருந்து வந்தது. எழுதியவருக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர், ஐ.டி. வேலை, நாற்பதைத் தாண்டிய வயது. நான்கு வருடத்துக்கு முன் கைக்கு வந்த அபார்ட்மென்டில் சொந்த வீடு. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட மாதிரி ஒரு ஜெர்மன் டூ-சீட்டர் ஸ்போர்ட்ஸ் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார், என்ஜின் சீட்டுக்குப் பின்னால் நடுவில் இருக்கும் வகை. வாங்கிய நாளிலிருந்து பேஸ்மென்ட் ராம்ப்பில் அடி தட்டுகிறது. இறங்கும்போது கீழே முன் பம்பரின் உதடு தரையில் உரசுகிறது, ஏறும்போது மேலே, மழைத்தண்ணீருக்காகப் போட்ட மேட்டில், நடு வயிறு உரசுகிறது. அதிலும் மேலே உரசுவது மனைவி பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும்தானாம், இதை வைத்து வீட்டில் ஒரு சண்டையும் ஆகிவிட்டது.

மேட்டை உடைத்துவிடுங்கள் என்று அசோசியேஷனிடம் கேட்டிருக்கிறார், மறுத்துவிட்டார்கள். அல்சூரில் மாமனார் வீட்டுத் தெருவுக்கு கான்கிரீட் போட்டு சாலை உயர்ந்துவிட்டதால், அங்கே கேட்டில் இறங்கினாலும் இதே கதை. இதுவரை சேதம் ஆகும் அளவுக்கு மூன்று உரசல். மூன்றையும் ஒரே கிளெய்மாகப் போடலாமா, ஸ்பிரிங்கில் ஸ்பேசர் என்ற இடைக்கட்டை வைத்து வண்டியைத் தூக்கிவிடலாமா, டயரில் காற்றைக் கூட்டினால் போதுமா, ராம்ப் அமைத்த பில்டர் மேல் வழக்குப் போடலாமா, இல்லை மனைவி சொல்கிற மாதிரி விற்றுவிடலாமா என்று கேட்கிறார். நல்ல வேளையாக அளவுகளையும் அனுப்பியிருக்கிறார். அவர் உள்ளே உட்கார்ந்திருக்க, செக்யூரிட்டி டேப் பிடித்து அளந்தது: தரைக்கும் வயிற்றுக்கும் நடுவில் 11.5 சென்டிமீட்டர், முன் உதட்டுக்கு 13, முன் சக்கர மையத்திலிருந்து மூக்கு நுனி வரை ஒரு மீட்டர், இரண்டு அச்சுக்கும் நடுவில் 247 சென்டிமீட்டர். ராம்ப் போனில் உள்ள ரசமட்டத்தில் 7 டிகிரி காட்டுகிறது. மேலே உள்ள மேடு 3 சென்டிமீட்டர்.

இனி உங்களிடமே பேசுகிறேன் நண்பரே. அசோசியேஷனுக்கு, மனைவிக்கு, பில்டருக்கு என்று எல்லாருக்கும் ஒரு கோபம் வைத்திருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் அனுப்பிய அளவுகளிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர் வேலையில், அதாவது கிளெய்ம் வந்த வண்டியின் சேதத்தை மதிப்பிடும் வேலையில், வண்டியின் முகத்தை விட அடிப்பக்கத்தைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் கணக்கு

மேட்டில் ஏறும் இடத்தை எடுத்துக்கொள்வோம். 7 டிகிரி சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் முனையை வண்டி தாண்டும்போது, முன் சக்கரம் சமதளத்தில் இருக்கும், பின் சக்கரம் சரிவில் இருக்கும், முனை வயிற்றுக்கு நேர் கீழே வரும். அந்த இடத்தில் முனை எவ்வளவு மேலே எழும்பும் என்பது அச்சு இடைவெளியில் பாதியையும் கோணத்தில் பாதியையும் பொறுத்தது. உங்கள் வண்டிக்கு அது சுமார் 7.6 சென்டிமீட்டர். அதன் மேல் 3 சென்டிமீட்டர் மேடு. ஆக 10.6. உங்களிடம் இருப்பது 11.5. மிச்சம் 9 மில்லிமீட்டர், அதாவது சுண்டு விரல் கூட நுழையாது.

இப்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்கிறார், காலடியில் ஒரு பை. இந்த மாதிரி இறுக்கமான ஸ்பிரிங் உள்ள வண்டியிலும் ஒரு ஆள் ஏறினால் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை இறங்கும். 9 மில்லிமீட்டர் காலி. உங்கள் மனைவி இடத்தில் நான் உட்கார்ந்தாலும், என் வயதுக்கும் எடைக்கும், இன்னும் நன்றாகவே உரசும். தயவுசெய்து இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள், சண்டையில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள்.

கீழே நடப்பது வேறு. சரிவிலிருந்து சமதளத்துக்கு இறங்கும்போது முன் சக்கரம் இன்னும் சரிவில் இருக்க, ஒரு மீட்டர் முன்னால் நீண்டிருக்கும் மூக்கு சமதளத்தின் மேல் வந்துவிடுகிறது. 7 டிகிரிக்கு ஒரு மீட்டரில் 12.3 சென்டிமீட்டர் போய்விடும். உதட்டின் உயரம் 13. இங்கேயும் மிச்சம் 7 மில்லிமீட்டர்தான், ஆனால் மிச்சம் இருக்கிறது. அப்படியிருந்தும் தினமும் உரசுகிறது என்றால் அந்த 7 மில்லிமீட்டரைச் சாப்பிடுவது உங்கள் பிரேக். இறங்குகிறோமே என்று கடைசி வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே போகிறீர்கள், எல்லாரும் செய்வதுதான். பிரேக் பிடித்தால் எடை முன்னால் வந்து மூக்கு குனிகிறது.

ஓட்டுவதில் மாற்ற வேண்டியது

கீழே இறங்கும்போது, சரிவின் முடிவுக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போதே வேகத்தை நடை வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மூக்கு சமதளத்துக்கு மேல் வரும் அந்த ஒரு கணத்தில் பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்துவிடுங்கள், வண்டி தானாக உருளட்டும், உதடு தாண்டியதும் மறுபடி தொடுங்கள். திடீரென்று விடாதீர்கள், குனிந்த மூக்கு எழும்பி மறுபடி ஒரு முறை குனியும். முதலில் செக்யூரிட்டியை ஓரமாக நிற்கவைத்து உதட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். காது பொய் சொல்லும், ஏனென்றால் அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டு லேசாகத் தொட்டாலே டிரம் மாதிரி சத்தம் போடும்.

"வேகமாகப் போனால் உரசுவதற்குள் தாண்டிவிடும்" என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சரிவு சமதளத்தில் போய் முட்டும் இடத்தில் வேகம் கூடக்கூட ஸ்பிரிங் அதிகமாக அமுங்கும், மூக்கு இன்னும் கீழே போகும். மேலே முனையில் வேகமாகப் போனாலும் அப்படித்தான், முன் சக்கரங்கள் பொத்தென்று விழுந்து அமுங்கும். என் மேசைக்கு வரும் பெரிய அடிகளில் முக்கால்வாசி இந்த யோசனையில் பிறந்தவைதான்.

ரிவர்ஸில் இறங்கினால் தப்பலாமே என்று கேட்டீர்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அதே மூக்கு, சரிவும் சமதளமும் சேரும் அதே மடிப்பை, அதே கோணத்தில்தான் தாண்டியாக வேண்டும், கணக்கு மாறாது. மாறுவது ஒன்றுதான்: ரிவர்ஸில் இறங்கும்போது பிரேக் பிடித்தால் எடை பின் பக்கம் போகிறது, மூக்கு குனிவதற்குப் பதில் கொஞ்சம் எழும்புகிறது. ஆனால் இருட்டான இரண்டு வழி ராம்ப்பில், டெலிவரி பைக்குகள் சீறி வரும் இடத்தில், அந்த லாபத்துக்காகப் பின்னோக்கி இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரேக்கை விடக் கற்றுக்கொண்டால் அதே லாபம் முன்னோக்கியே கிடைக்கும்.

அப்புறம் சாய்வாகப் போவது. இது உண்மையிலேயே வேலை செய்கிறது, ஆனால் சும்மா "சாய்த்து எடுங்க" என்று எல்லாரும் சொல்வதை விட எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். மேட்டை 30 டிகிரி குறுக்காகத் தாண்டினால் அந்த 7.6 சென்டிமீட்டர் 6.6 ஆகிறது. ஒரு சென்டிமீட்டர் லாபம். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்ததால் போன அதே ஒரு சென்டிமீட்டர்! மேடு மட்டும் 3 சென்டிமீட்டராகவே இருக்கும், அதைக் கோணம் ஒன்றும் செய்யாது. ராம்ப் ஐந்தரை, ஆறு மீட்டர் அகலம் இருந்தால்தான் 30 டிகிரிக்கு இடம் கிடைக்கும், அதற்கு எதிர்ப் பாதையையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே கண்ணாடி இருந்தால் பார்த்து, ஹாரன் ஒரு முறை அடித்து, யாரும் இல்லையென்றால் மட்டும்.

டயரில் காற்றைக் கூட்டுவதை மறந்துவிடுங்கள். இந்த மாதிரி தாழ்ந்த பக்கச்சுவர் உள்ள டயரில் சில பிஎஸ்ஐ கூட்டினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கிடைக்கலாம், அதற்கு விலையாக மழையில் பிடிப்பை இழப்பீர்கள், நடுப்பகுதி மட்டும் தேயும்.

அசோசியேஷன் மறுத்தது சரிதான்

இதைச் சொன்னால் கோபம் வரும், பரவாயில்லை. ராம்ப் வாயில் இருக்கும் அந்த 3 சென்டிமீட்டர் மேடு யாரோ மேஸ்திரி கை தவறிப் போட்டது அல்ல. சாலைத் தண்ணீர் பேஸ்மென்டுக்குள் சரியாமல் ஜாலி போட்ட வடிகாலுக்குத் திரும்பட்டும் என்று போட்டது. 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாப்பூர் சாலை, வெளிவட்டச் சாலைப் பக்கம் என்ன ஆயிற்று என்று நினைவிருக்கும், பேஸ்மென்ட்களில் வண்டிகள் கூரை வரை மூழ்கிக் கிடந்தன. அந்த வாரங்களில் சர்வேயர்கள் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. உங்கள் மேட்டை உடைத்துவிட்டு அடுத்த பெருமழையில் தண்ணீர் இறங்கினால், முதலில் மூழ்குவது தரையோடு தரையாக நிற்கும் உங்கள் வண்டிதான். என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் அந்த நஷ்டத்துக்கு என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் (கூடுதலாகப் பணம் கட்டி எடுக்கும் காப்பு) இல்லாமல் இன்சூரன்ஸில் ஒன்றும் கிடைக்காது.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. மேட்டின் உயரம் அப்படியே இருக்கட்டும், அதன் நீளத்தைக் கூட்டச் சொல்லுங்கள். இப்போது உள்ள மேடு அரை மீட்டர் அகலம் கூட இருக்காது என்று நினைக்கிறேன். முன் சக்கரம் ஏறி இறங்கிவிடுகிறது, அப்புறம் முழு 3 சென்டிமீட்டரும் வயிற்றில் தனியாக வந்து நிற்கிறது. அதே மேட்டை இரண்டு பக்கமும் மூன்று மூன்று மீட்டர் தள்ளி மெதுவாக இழைத்து இறக்கினால், வயிறு உச்சிக்கு மேல் வரும்போது சக்கரங்களும் மேட்டின் மேலேயே கிட்டத்தட்ட 1.8 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். வயிற்றுக்கு இடைஞ்சல் 1.2 மட்டும். மிச்சம் 9 மில்லிமீட்டராக இருந்தது 2.7 சென்டிமீட்டராகிவிடும், மனைவியும் பையும் தாராளமாக வரலாம். தண்ணீரைத் தடுக்கும் உயரம் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறையவில்லை. ஒன்று கவனம், ஒரு மீட்டர் இழைத்தால் போதும் என்று கான்ட்ராக்டர் சொல்லுவார், போதாது. ஒவ்வொரு பக்கமும் உங்கள் அச்சு இடைவெளியில் பாதியைத் தாண்டினால்தான் சக்கரத்துக்கு உயரம் கிடைக்கத் தொடங்கும்.

சாலையில் போடும் ஸ்பீடு பிரேக்கருக்கும் இதே சூத்திரம்தான். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐஆர்சி 99 வழிகாட்டுதலில் உள்ள வட்ட வடிவ மேட்டுக்கு உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், வளைவு ஆரம் 17 மீட்டர். 10 சென்டிமீட்டர் என்றதும் பயப்படுவீர்கள், ஆனால் அந்த வளைவில் உங்கள் வண்டியின் வயிற்றுக்கு வருவது நாலரை சென்டிமீட்டர்தான், தொடவே தொடாது. உங்களை அடிப்பவை தெருக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக சிமென்ட்டைக் கொட்டி வைத்த முக்கால் அடி அகல மேடுகள். உங்கள் வளாகத்துக்குள் அப்படி ஏதாவது இருந்தால் அதையும் இந்த அளவைக் காட்டியே மாற்றச் சொல்லலாம், வயதானவர்களின் முதுகுக்கும் ஆம்புலன்ஸுக்கும் சேர்த்து நல்லது, பொதுக்குழுவில் ஓட்டும் கிடைக்கும்.

ராம்ப் பொதுப் பகுதி. கர்நாடக அடுக்குமாடி உடைமைச் சட்டம், 1972-இன்படி அதில் எல்லா உரிமையாளர்களுக்கும் பிரிக்கப்படாத பங்கு உண்டு, தனி ஒருவர் கை வைக்க முடியாது. கடிதத்தின் கடைசியில் "இல்லாவிட்டால் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூட்டை சிமென்ட் வாங்கி…" என்று எழுதியிருக்கிறீர்களே, அது வேண்டாம். நீங்கள் போட்ட சிமென்ட்டில் ஒரு பைக் வழுக்கி விழுந்தால் பொறுப்பு உங்கள் தலையில். பொதுக்குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு சிவில் என்ஜினியரின் வரைபடத்தோடு, செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறேன் என்ற வரியோடு. அந்தக் கடைசி வரிதான் வேலை செய்யும்.

பில்டர் விஷயம். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14(3) பிரிவுப்படி வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து, அதை பில்டர் கவனத்துக்குக் கொண்டுவந்தால், முப்பது நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். உங்களுக்கு நான்கு வருடம் ஆகிவிட்டது, இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. ஆனால் என் வண்டி தாழ்வாக இருக்கிறது என்பது ராம்ப்பின் குறை ஆகாது. அனுமதி பெற்ற வரைபடத்தில் உள்ள சரிவை விட அதிகமாகக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதிகமாக இருந்தால் அசோசியேஷனே கேட்கும் விஷயம் அது, ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கேளுங்கள். வரைபடப்படியே இருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

மாமனார் வீட்டு கேட்டுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாலையை இறக்க முடியாது. கேட்டுக்கு வெளியே நடைபாதையிலோ சாக்கடைக் கல்லின் மேலோ நிரந்தரச் சாய்தளம் கட்டினால் மாநகராட்சிக்காரர்கள் இடித்துப் போடும் உரிமை உள்ளவர்கள், பெங்களூரின் பழைய மாநகராட்சியான பிபிஎம்பி-யானாலும் அதற்குப் பதில் 2025 செப்டம்பரில் வந்த ஐந்து மாநகராட்சிகளானாலும். கேட்டுக்கு உள்ளே, மடிப்பு இருக்கும் இடத்தில் வைக்க கனமான ரப்பர் ஆப்பு இரண்டு வாங்கி வண்டியின் முன் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள், போகும்போது வைத்து, வந்ததும் எடுத்துவிடலாம். அல்லது ஆட்டோவில் போங்கள், அல்சூரில் பார்க்கிங் கிடைத்தால்தானே.

வண்டியைத் தூக்கலாமா?

ஸ்பேசர் வைத்து 2 சென்டிமீட்டர் தூக்கித் தருகிறேன் என்று கராஜில் சொன்னதாக எழுதினீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. தெருவில் யாராவது பிடிப்பார்களா என்பது வேறு பேச்சு. என் கவலை கிளெய்ம் நாளில். பெரிய விபத்தில் சஸ்பென்ஷன் பிரிக்கப்பட்டு, நடுவில் ஒரு ஸ்பேசர் வெளியே வந்தால், சொல்லாமல் செய்த மாற்றம் என்று நான் அறிக்கையில் எழுதித்தான் ஆக வேண்டும். அதற்கும் மேல், இந்த வகை வண்டியின் சக்கரக் கோணங்கள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு அமைக்கப்பட்டவை, தூக்கினால் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய அந்த ஓட்டமே போய்விடும்.

தொழிற்சாலையிலிருந்தே வரும் முன் அச்சு லிஃப்ட் வேறு விஷயம். போர்ஷே 911-இல் அது கூடுதல் வசதியாகக் கிடைக்கிறது, பொத்தானை அழுத்தினால் மூக்கு சுமார் 4 சென்டிமீட்டர் எழும்பும், மெதுவான வேகத்தில் மட்டும் வேலை செய்யும். புதிய சில மாடல்களில் ஜிபிஎஸ் வைத்து உங்கள் வீட்டு ராம்ப்பை நினைவில் வைத்துக்கொண்டு தானாகவே தூக்கும். அடுத்த வண்டி வாங்கும்போது சன்ரூஃபுக்குச் செலவழிக்கும் முன் இதை யோசியுங்கள்.

இப்போதைக்கு முன் உதட்டின் அடியில் ஸ்குரூ போட்டு மாட்டும் பிளாஸ்டிக் தகடு வைத்துக்கொள்ளுங்கள். அது சில மில்லிமீட்டர் உயரத்தை எடுத்துக்கொள்ளும், ஆக முன்பை விட அடிக்கடிகூடத் தொடும். ஆனால் தேய்வது மலிவான தகடு, பெயின்ட் அடித்த பம்பர் தப்பிக்கும்.

கிளெய்ம் போடுவது

இரண்டு தவறான எண்ணம் உங்களுக்கு இருக்கிறது. ஒன்று, "என் தப்பு என்பதால் இன்சூரன்ஸ் தராது" என்பது. தற்செயலாக, வெளியிலிருந்து வந்த அடி என்றால் ஓட்டியவர் தப்பாக இருந்தாலும் ஓன் டேமேஜில், அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பில், வரும். தராதது தேய்மானத்துக்கு. இரண்டாவது, மூன்றையும் சேர்த்து ஒன்றாகப் போடலாம் என்பது. மூன்று நாள், மூன்று இடம், மூன்று சம்பவம், மூன்று தனிக் கிளெய்ம். ஒரே நாளில் நடந்தது என்று எழுதிக் கொடுத்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும்: கீறல் போகும் திசை, பள்ளத்தில் ஒட்டியிருக்கும் தூளின் நிறம், கிளிப்பில் ஏறிய துரு எல்லாம் பேசும். பொய் சொன்ன கிளெய்ம் முழுவதுமே நிராகரிக்கப்படலாம்.

கணக்குப் போட்டும் பாருங்கள். ஒர்க்‌ஷாப் சொன்ன 46,000 ரூபாய் உதட்டுக்கும் அடித்தட்டுக்கும், இரண்டுமே பிளாஸ்டிக். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் ஆட்-ஆன் உங்களிடம் இல்லை, ஆகவே பாதி தேய்மானம் போய் 23,000. 1500 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்பதால் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 2,000. கையில் வருவது 21,000. உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம், தள்ளுபடிக்கு முன், 90,000 என்றும், இப்போது 35 சதவீத என்சிபி (கிளெய்ம் போடாததற்கான தள்ளுபடி) இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிளெய்ம் இல்லாமல் முடித்தால் அடுத்த வருடம் அது 45 சதவீதம், அதாவது 40,500 ரூபாய் மிச்சம். கிளெய்ம் போட்டால் பூஜ்யம். 21,000 வாங்க 40,500-ஐக் கொடுப்பீர்களா? உரசலைக் கையிலிருந்து போட்டுச் சரிசெய்யுங்கள், அல்லது உதட்டை அப்படியே விட்டுவிட்டு மேடு இழைக்கப்பட்ட பிறகு ஒரே முறையாக மாற்றுங்கள், அது இன்னும் புத்திசாலித்தனம்.

போகிற போக்கில் ஒன்று, செகண்ட் ஹேண்ட் என்றதால் கேட்கிறேன். பாலிசி உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? ஆர்.சி. மாறியதும் மூன்றாம் நபர் காப்பு தானாக உங்களோடு வந்துவிடும், ஓன் டேமேஜ் வராது, அதற்கு 14 நாளுக்குள் கம்பெனியில் விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் என்சிபி உங்களுக்குக் கிடையாது, உங்கள் முந்தைய வண்டியை விற்றபோது வாங்கிய என்சிபி சான்றிதழைத்தான் காட்டியிருக்க வேண்டும். அதில் ஏதாவது குழப்பம் இருந்தால் இன்றே சரிசெய்யுங்கள், பெரிய அடி பட்ட பிறகு அது வெளிவந்தால் நான் கூட உதவ முடியாது.

எந்த உரசலுக்குப் பயப்பட வேண்டும்

முன் உதடு உரசினால் மனசுக்கு வலி, வண்டிக்கு இல்லை. நடு வயிறு பலமாக உரசினால்தான் எனக்குக் கவலை. உங்கள் வண்டியில் ரேடியேட்டர்கள் முன்னால் மூக்கின் இரண்டு ஓரத்தில், என்ஜின் சீட்டுக்குப் பின்னால், இரண்டையும் இணைக்கும் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குழாய்கள் தரைக்கு அடியில் அந்தப் பிளாஸ்டிக் தட்டுகளுக்குள் ஓடுகின்றன. பொத்தென்று ஒரு அடி விழுந்தால் அப்படியே ஆபீஸ் போய்விடாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, கீழே ஒரு பழைய அட்டையை வைத்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நிறமில்லாத தண்ணீர் என்றால் ஏசி விடுவது. நிறத்தோடு வழவழவென்று இருந்தால் கூலன்ட். கறுப்பாகவோ தேன் நிறத்திலோ பிசுபிசுத்தால் ஆயில்.

கூலன்ட்டோ ஆயிலோ என்றால் ஸ்டார்ட் செய்யவே கூடாது, டோ வண்டியைக் கூப்பிடுங்கள். அடி பட்டதற்கு இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் ஆயில் வடிந்த என்ஜினை ஓட்டி ஜாம் ஆக்கினால் அது தொடர் விளைவு நஷ்டம், சாதாரண பாலிசியில் விலக்கு. அடியை விட ஐந்து மடங்கு பெரிய பில் அதற்குத்தான் வரும், அதுதான் நிராகரிக்கப்படும். இந்த மாதிரி அடிக்குத் தயங்காமல் கிளெய்ம் போடுங்கள், என்சிபி போனால் போகட்டும், இடத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, வண்டியைப் பிரிக்கும் முன் கம்பெனிக்குச் சொல்லுங்கள். நியாயமான கிளெய்மை மறுத்தால், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள், அதிலும் சரிவராவிட்டால் இந்த மாதிரிப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பொதுக்குழு மேட்டை இழைக்க ஒத்துக்கொண்டால் விற்க ஒரு காரணமும் இல்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால், தினமும் ஆபீஸுக்கு ஓட்டுவதற்கு இது தோதான வண்டி இல்லை, ஞாயிறு காலையில் நந்தி மலைப் பக்கம் போய்வர மட்டும் வைத்துக்கொண்டு, தரைத்தளத்தில் பார்க்கிங் உள்ள யாருடனாவது இடத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். பேஸ்மென்ட்டில் வெயில் படாது என்று அங்கே இடம் தேடும் எஸ்யூவிக்காரர் உங்கள் பிளாக்கிலேயே ஒருவராவது இருப்பார். மாற்றிக்கொள்வதை அசோசியேஷன் பதிவேட்டில் எழுத்தில் போட்டுவிடுங்கள்.